அதிகபட்சம் ஒரு நபர்

என் சகலையை அவருடைய அலுவலகத்தில் ரசமட்டம் என்று கூப்பிடுவார்கள். கொத்தனார்கள் சுவரின் மேல் வைத்துப் பார்ப்பார்களே, கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி அங்குமிங்கும் ஓடுமே, அந்தக் கருவிதான். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பதுபோல அவர் ஒரு சாண் நீள ரசமட்டம் வைத்திருப்பார். எங்கள் வீட்டுக்கு முதல்முறை சாப்பிட வந்தபோது அதை எடுத்து மேசையின் மேல் வைத்துப் பார்த்தார். ஒரு காலுக்குக் கீழே அட்டையை மடித்துச் செருகிய பிறகுதான் உட்கார்ந்தார். அந்த மேசை அதற்கு முன் ஆடியதில்லை. அதற்குப் பிறகு ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.

வேலை, லிஃப்ட் பரிசோதகர். பழுது பார்த்த லிஃப்டில் மற்றவர்களை ஏற்றுவதற்கு முன் தனியாக ஏறி, மேல்மாடியிலிருந்து கீழ்வரை ஒருமுறை போய்வருவார். சரியாக இருந்தால் உள்ளே மாட்டியிருக்கும் அட்டையில் கையெழுத்து. இல்லையென்றால் கதவில் ஒரு சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். ஒருமுறை தன் மேலதிகாரி குடியிருந்த கட்டடத்திலேயே தொங்கவிட்டார். மேலதிகாரி வீடு ஒன்பதாவது மாடி. பதவி உயர்வு ஏன் வரவில்லை என்று யாராவது கேட்டால் இந்தக் கதையைத்தான் சொல்வார், அதுவும் பெருமையாக.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். நானும் அவரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். இது ஒன்றைத் தவிர எங்களுக்குள் பொதுவாக எதுவும் கிடையாது. ஆனால் பாரம் தூக்க ஆள் வேண்டுமென்றால் உலகத்திலேயே அவருக்கு என் முதுகுதான் ஞாபகத்துக்கு வரும்.

என் மனைவியின் அக்காவை நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் தையல்காரர். கடையில் வாங்கிய உடுப்புகளை ஆளுக்கு ஏற்றபடி பிடித்துக் கொடுப்பதும் விட்டுக் கொடுப்பதும் அவர் தொழில். நான்கு வருடமாக மூட்டுவாதம். காலையில் எழுந்தால் விரல் மடங்காது, முழங்காலை நீட்ட வராது. தினமும் எழுந்தவுடன் இருபது நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் கிடந்தால் எல்லாம் மெல்ல இளகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர்கள் வீட்டில் நல்லவேளையாகக் குளியல் தொட்டி ஒன்று இருந்தது. வார்ப்பிரும்பு. கட்டடம் கட்டிய காலத்திலிருந்து இருப்பது. ஆழமானது, விளிம்பு உயரமானது, பிடித்து எழுந்திருக்க ஒரு கைப்பிடிகூடக் கிடையாது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அக்கா அதற்குள் உட்கார்ந்தார், எழுந்திருக்க முடியவில்லை. கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. சகலை வேலைக்குப் போய்விட்டார். தண்ணீர் ஆறிப்போனதும் அக்கா கால்விரலால் மூடியை இழுத்துவிட்டு, வெறும் இரும்புத் தொட்டியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மத்தியானம் சாப்பிட வந்த சகலை கதவை உடைத்தார். அன்று சாயங்காலமே அக்கா ஒரு பையில் துணிகளை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். சண்டை ஒன்றும் இல்லை. அந்தத் தொட்டிக்குள் இனி கால் வைக்க மாட்டேன் என்று மட்டும் சொன்னார்.

எங்கள் வீட்டில் தொட்டி இல்லை, ஷவர்தான். ஒரு முக்காலி போட்டு, நான் வெந்நீர் ஊற்றிவிடுகிறேன் என்றாள் என் மனைவி. அக்கா அவளை ஒரு பார்வை பார்த்தார்.

"என்னை ஒருத்தர் குளிப்பாட்டுற நிலைமை வந்தா அப்ப பாத்துக்கலாம். இன்னும் வரலை," என்றார்.

அதனால் காலையில் கைகளை மட்டும் ஒரு பாத்திரத்து வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அது போதவில்லை. ஒருநாள் எட்டரை மணிக்குக் கூரியர்காரர் வந்தார். அக்கா பெயருக்குத் தையல் ஊசிகள் வந்திருந்தன. கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை நீட்டினார். பேனா இரண்டு தடவை அக்காவின் கையிலிருந்து கீழே விழுந்தது. வீட்டில் வேறு யாராவது போட்டாலும் பரவாயில்லை என்றார் கூரியர்காரர், தரையைப் பார்த்துக்கொண்டு. என் மனைவி போட்டாள். அக்கா அந்தப் பொட்டலத்தைச் சாயங்காலம் வரை பிரிக்கவில்லை. எனக்கு அன்று வீட்டில் இருக்கவே பிடிக்கவில்லை. கடையை ஒரு மணி நேரம் முன்னதாகவே திறந்தேன்.

சகலை தினமும் வேலை முடிந்து வந்து, ஆடும் மேசையில் உட்கார்ந்து அக்காவைப் பார்த்துவிட்டுப் போவார். மூன்றாவது வாரம், எப்போது வீட்டுக்கு வருகிறாய் என்று கேட்டார். அக்கா இரண்டு நிபந்தனை வைத்தார். தானாகவே ஏறி, தானாகவே இறங்கக்கூடிய தொட்டி வேண்டும். கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டும். இரண்டாவதைக் கேட்டதும் சகலையின் முகம் மாறியது. தாழ்ப்பாளால்தானே இவ்வளவும் என்றார். தாழ்ப்பாள் இல்லாத இடத்தில் நான் குளிக்கமாட்டேன், நீங்கள் குளிப்பீர்களா என்று அக்கா திருப்பிக் கேட்டார். அவர் சரி என்றார்.

ஒரு பிளம்பரைக் கூப்பிட்டால் இரண்டு நாளில் முடிகிற வேலை. இதைச் சொல்லி நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"சகலை, என் கையெழுத்தை நம்பி தினமும் எத்தனை ஆயிரம் பேர் மேலயும் கீழயும் போறாங்க. ஒரு தொட்டியை வைக்க எனக்குத் தெரியாதா?"

தெரியும் என்றேன். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வந்துவிடு என்றார்.

பழைய தொட்டியைக் கழற்ற ஒரு சனிக்கிழமை முழுக்கப் போயிற்று. அப்படியே தூக்கினால் நாலு ஆள் சுமை. அதனால் மேலே பழைய கம்பளியைப் போர்த்திவிட்டுச் சம்மட்டியால் உடைத்தோம். ஒவ்வொரு அடிக்கும் பிறகு அவர் கம்பளியைத் தூக்கி, விரிசல் நேராகப் போகிறதா என்று பார்த்தார். உடைக்கிற பொருளுக்கு நேர் எதற்கு என்று நான் கேட்கவில்லை. கீழ்வீட்டுக்காரர் இரண்டு தடவை மேலே வந்தார். மூன்றாவது தடவை குடும்பத்தோடு வெளியே கிளம்பிப் போய்விட்டார்.

புதுத் தொட்டி நன்றாகத்தான் இருந்தது. அக்ரிலிக், வெள்ளை, முழங்காலுக்குக் கீழேயே விளிம்பு, இரண்டு பக்கமும் கைப்பிடி. அவர்கள் வீடு ஐந்தாவது மாடி. லிஃப்ட் வாசலில் தொட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நான் பொத்தானை அழுத்தப் போனேன். அவர் என் கையைப் பிடித்தார். லிஃப்ட் கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது: பயணிகளுக்கு மட்டும், சாமான்கள் ஏற்றக் கூடாது. கீழே அவருடைய கையெழுத்து. தொட்டியை ஐந்து மாடியும் படியில் தூக்கிக்கொண்டு போனோம். மூன்றாவது மாடித் திருப்பத்தில் நான் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அடுத்த சனிக்கிழமை தொட்டியைப் பொருத்தினோம். அதற்கு நான்கு திருகுக் கால்கள். திருகினால் ஏறும், எதிர்ப்பக்கம் திருகினால் இறங்கும். விற்ற கடைக்காரம்மா, விளிம்பில் மட்டம் பார்த்து வையுங்கள் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பியிருந்தார். பெட்டிக்குள் இருந்த தாளில் படமே போட்டிருந்தது. சகலை அந்தப் படத்தைப் பார்த்தார். வரைந்தவன் வாழ்க்கையில் ரசமட்டத்தைக் கையால் தொட்டிருக்கமாட்டான் என்றார். நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு தொட்டிக்குள் குனிந்து, அடித்தளத்தில் தன் ரசமட்டத்தை வைத்தார். குமிழி ஒரு பக்கமாக ஓடியது.

தொழிற்சாலையில் கோணலாகச் செய்து அனுப்பியிருக்கிறார்கள், நல்லவேளை நாம் பார்த்தோம் என்றார். வடிகால் துளை இருக்கும் பக்கத்துக் கால்களைத் திருகித் திருகி உயர்த்தினார். முக்கால் மணி நேரம். குமிழி நட்டநடுவில் வந்து நின்றதும் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் தொட்டியின் விளிம்பு ஒரு பக்கம் இரண்டு விரல் தூக்கிக்கொண்டிருந்தது. கண்ணாடி மூக்கில் கோணலாக உட்கார்ந்தால் கண்டுபிடிக்கிற வேலையை இருபது வருடமாகச் செய்கிறேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை, சொன்னேன்.

"சகலை, மனுஷன் உக்காருறது விளிம்புலயா, அடியிலயா?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

"அடியில."

"அப்ப எது மட்டமா இருக்கணும்?"

அந்த நேரத்தில் அது நியாயமாகவே பட்டது. விளிம்பின் சாய்வு தெரியாமலிருக்க, கடைசி வரிசை டைல்ஸை ஒவ்வொன்றாகச் சாய்த்து வெட்டினார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒட்டினார். சிலிக்கான் பசையை விரலால் நீவிவிட்டார். குழாய் இணைப்புகளில் காகிதம் சுற்றி ஒழுகுகிறதா என்று பார்த்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. சுவரில் மேலும் இரண்டு கைப்பிடி பதித்தார், இரண்டிலும் தொங்கிப் பார்த்தார், என்னையும் தொங்கச் சொன்னார்.

தாழ்ப்பாளுக்கு அவர் கண்டுபிடித்த வழியை மட்டும் நான் மனதாரப் பாராட்டுவேன். லிஃப்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டால் வெளியிலிருந்து கதவைத் திறக்க ஒரு முக்கோணச் சாவி உண்டு. பரிசோதகர்களிடம் மட்டும் இருக்கும். அதே மாதிரி ஒரு பூட்டைக் குளியலறைக் கதவில் வைத்தார். உள்ளே அக்கா தாழ்ப்பாள் போடலாம். ஆபத்தென்றால் வெளியிலிருந்து இவர் திறக்கலாம். சாவியை ஒரு நூலில் கோத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கடைசியாகத் தொட்டிக்கு மேலே, லிஃப்டில் இருப்பதுபோலவே ஒரு அட்டையை மாட்டினார். அதில் இருந்தது இவ்வளவுதான்: அதிகபட்சம் ஒரு நபர். பொருத்தியவர் என்ற இடத்தில் அவர் கையெழுத்து. பரிசோதித்தவர் என்ற இடம் காலி. பொருத்தியவரே பரிசோதிக்கக் கூடாது என்று அவர்கள் அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. வீட்டில் வேறு பரிசோதகருக்கு எங்கே போவது, ஏறிப் பார்த்துவிட்டு அதையும் நானே போட்டுக்கொள்கிறேன் என்றார்.

அடுத்த நாள் சாயங்காலம் நாலு மணிக்கு அக்கா வருவதாக ஏற்பாடு. மூன்று மணிக்கு அவர் தொட்டியில் தண்ணீர் நிரப்பினார். பசை பூசி இருபத்துநாலு மணி நேரம் ஆகியிருந்தது, அவர் எழுதி வைத்திருந்தார். பிறகு வேலைக்குப் போடும் சீருடைச் சட்டையும் அரைக்கால் சட்டையுமாக உள்ளே இறங்கி உட்கார்ந்தார். பரிசோதனைக்குச் சீருடை வேண்டுமாம். இருபது நிமிடம் அப்படியே இருந்தார். நான் வாசலில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கைப்பிடியைப் பிடித்து எழுந்தார், விளிம்பைத் தாண்டி வெளியே வந்தார், மூடியை எடுத்தார்.

தண்ணீர் விறுவிறுவென்று இறங்கியது. அடியில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போது நின்றுவிட்டது. காத்திருந்தோம். அசையவில்லை. இரும்பு அளவுகோலைக் கொண்டுவந்து நான்கு மூலையிலும் நடுவிலும் வைத்துப் பார்த்தார்.

"எல்லா இடத்துலயும் நாலு மில்லிமீட்டர்," என்றார். குரலில் கொஞ்சம் திருப்திகூட இருந்தது.

"மட்டமா இருந்தா தண்ணி எப்படிண்ணே போகும்?" என்று கேட்டேன்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார், பிரித்தார், படத்தைப் பார்த்தார். அடித்தளம் சாய்வாக இருந்தால்தான் தண்ணீர் துளைக்குப் போகும். அதனால்தான் விளிம்பில் மட்டம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். கோணல் என்று அவர் திருத்தியது, தொழிற்சாலைக்காரர்கள் வேண்டுமென்றே வைத்த சாய்வை. தாளை மறுபடி நாலாக மடித்தார்.

நாலு மில்லிமீட்டர்தானே, ஒரு துணியால் ஒற்றி எடுத்தால் முடிந்தது, யாருக்குத் தெரியப்போகிறது என்று நான் சொன்னேன். மறுபடி அதைப் பிரிக்க வேண்டுமே என்ற பயத்தில் சொன்னேன், ஒளிப்பானேன். மணி மூன்றே முக்கால்.

"சோப்புத் தண்ணி, சகலை. அவ காலை ஊணி எழுந்திருக்கிற இடம் அது," என்றார்.

எழுந்துபோய் அலுவலகப் பையைத் திறந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்தார். ஈரச் சட்டையோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அதை நிரப்பினார். குளியலறைக் கதவில் தொங்கவிட்டார். கீழே லிஃப்ட் வரும் சத்தம் கேட்டது. ஓடிப்போய் ஏதாவது சொல்லிச் சமாளி என்று என்னிடம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

அக்காவும் என் மனைவியும் வந்தார்கள். என் மனைவி கையில் பை. அக்கா நேராகக் குளியலறைக்கு வந்து, அட்டையைக் கையில் பிடித்துப் படித்தார். பயன்படுத்தக் கூடாது. குறை: தண்ணீர் தேங்குகிறது. காரணம் என்ற இடத்தில் அலுவலகத்தில் வழக்கமாகத் தேய்மானம் என்றோ, உபயோகிப்பவர் கவனக்குறைவு என்றோ எழுதுவார்களாம். அங்கே பொருத்தியவரின் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அக்கா நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். போச்சு, பையோடு திரும்பி எங்கள் வீட்டுக்குத்தான் என்று நான் நினைத்தேன். சகலையும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். குற்றம் செய்தவர்போலச் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தார்.

"கல்யாணமாகி இருபத்தொம்போது வருஷம்," என்று அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார். "இவர் செஞ்சது தப்புன்னு இவரே எழுதி நான் பாத்ததில்லை." பிறகு தங்கையிடம் திரும்பினார். "பையை உள்ள வை. இனிமே இவர் சரின்னு சொன்னா நம்பலாம்."

அக்கா ஒரு நாற்காலியைக் குளியலறை வாசலில் போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டார். நாங்கள் பிரித்தோம். பசையைக் கத்தியால் கீறி, நேற்று அத்தனை பாடுபட்டு ஒட்டிய டைல்ஸ் வரிசையைப் பெயர்த்து, கால்களை இறக்கி, குழாயைக் கழற்றி மாட்டி, இந்தமுறை விளிம்பில் மட்டம் பார்த்தோம். ரசமட்டத்தைப் படிக்கும் வேலையை அவர் என்னிடம் கொடுத்தார். இருபத்தைந்து வருடப் பழக்கத்தில் அந்தக் கருவியை நான் கையில் வாங்கியது அன்றுதான். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே தண்ணீர் விட்டுப் பார்த்தோம். முழுக்கப் போயிற்று. மறுபடி நிரப்பினோம். மறுபடி போயிற்று.

பசை காயத் திங்கட்கிழமையும் ஆயிற்று. செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு நான் அங்கே இருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. முதுகு வலியோடு எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம், அதை அங்கேயே நிற்கலாமே என்று போனேன்.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. சகலை ஒரு முக்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து முக்கோணச் சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். தண்ணீர் நிரம்பும் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. இருபது நிமிடம் போயிற்று.

தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. குழாய் கடகடவென்று குடித்து, கடைசியில் ஒரு முழுங்கு முழுங்கி ஓய்ந்தது. அதற்குப் பிறகு உள்ளே ஒரு சத்தமும் இல்லை. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். சகலை எழுந்தார். சாவியைப் பூட்டின் துளை வரைக்கும் கொண்டுபோனார். அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். கதவை உடைத்த அந்த மத்தியானம் இவர் எப்படி நின்றிருப்பார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கூப்பிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. அவர் கூப்பிடவில்லை. சாவியை இறக்கிவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

தாழ்ப்பாள் விலகியது. அக்கா உடுத்தி முடித்து, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். கையில் தொட்டிக்கு மேலே மாட்டியிருந்த அட்டை.

"இதுல ஒரு இடம் காலியா இருக்கு," என்றார்.

"பொருத்தினவன் போடக் கூடாது," என்றார் சகலை.

"தெரியும். பேனா குடுங்க."

சகலை எல்லாப் பைகளிலும் தேடினார். ரசமட்டம் இருந்தது, சாவி இருந்தது. பேனாவை நான்தான் கொடுத்தேன். மணி எட்டுகூட ஆகவில்லை. அக்கா அட்டையைக் கதவின் மேல் வைத்துக்கொண்டு, விரல்களை மடக்கிப் பேனாவைப் பிடித்து, பரிசோதித்தவர் என்ற இடத்தில் தன் பெயரைத் தலைப்பெழுத்தோடு முழுசாக எழுதினார். பேனா கீழே விழவில்லை.

சகலை அட்டையை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். எழுத்து கொஞ்சம் சாய்ந்துதான் இருந்தது. அப்படியே கொண்டுபோய் மாட்டினார்.